மரியாதையாகச் சொல்கிறேன்

கேள்வி: ஒரு தலைவன் தன்னைப் பின்பற்றுவோரிடம் அச்சத்தை எதிர்பார்க்க வேண்டுமா, அன்பையா, மரியாதையையா? இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி அச்சமே மேல் என்கிறாரே?

பதில்: மூன்றையும் தனித்தனிப் பண்டங்களாகப் பொட்டலம் கட்டிக் கேட்டிருக்கிறீர்கள். நம் மொழி அவற்றை அவ்வளவு சுத்தமாகப் பிரித்து வைக்கவில்லை. "மரியாதையாக எழுந்து போ" என்று ஒருவர் சொல்லும்போது, அதில் மரியாதை எங்கே என்று தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் அடி வாங்குவான். "மரியாதையாகக் கடனைத் திருப்பிக் கொடு" என்பதில் அசலும் வட்டியும் மிரட்டலும் உண்டு. மரியாதை மட்டும் கிடையாது. போதாக்குறைக்குப் பயத்தையும் பக்தியையும் ஒட்டிப் 'பயபக்தி' என்று ஒரே சொல்லாக்கி வைத்திருக்கிறோம். (வடசொல் எதற்கு, 'மதிப்பு' என்று எழுதக் கூடாதா என்று மாதந்தவறாமல் எனக்கு அஞ்சலட்டை போடும் அன்பர் கவனிக்கவும்: "மதிப்பாகச் சொல்கிறேன்" என்று எவரையும் மிரட்ட முடியாது.) அந்த வடசொல்லுக்கு எல்லை, கரை என்றும் பொருள் உண்டு. அப்படிப் பார்த்தால், மரியாதை தெரிய வேண்டியது முதலில் தலைவனுக்குத்தான்.

மாக்கியவெல்லிக்கு வருகிறேன். அச்சமும் அன்பும் ஒருசேரக் கிடைக்காவிட்டால் அச்சமே பாதுகாப்பு என்று 1513-இல் எழுதியவர், வெறுப்பைச் சம்பாதித்துவிடாதே என்றும் அதே அதிகாரத்தில் எழுதினார்; அவரை மேற்கோள் காட்டுவோர் அந்த வரி வருவதற்குள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதே ஆண்டில் சதிக் குற்றம் சாட்டப்பட்டு, கைகள் பின்னால் கட்டப்பட்டுக் கயிற்றில் தொங்கவிடப்பட்டவர் அவர் என்பதால், அச்சத்தைக் கீழிருந்தும் அறிந்தவர். வள்ளுவர் இன்னும் கறாரானவர்: கடுமொழியும் அளவு மீறிய தண்டனையும் அரசனின் வலிமையைத் தேய்க்கும் அரம் என்கிறார்.

அந்த அரம் வேலை செய்த விதத்தை, 1953 மார்ச் 1-ஆம் தேதி மாஸ்கோவுக்கு வெளியே ஸ்டாலினின் மாளிகையில் பார்க்கலாம். விடியும்வரை சகாக்களுடன் விருந்துண்டு படுக்கப் போனவர், பகல் முழுதும் அறையை விட்டு வரவில்லை. அழைக்காமல் உள்ளே நுழையக் கூடாது என்பது விதி. நுழைந்தால் என்ன ஆகும் என்பது காவலர்களுக்குத் தெரியும். மாலையில் உள்ளே விளக்கு எரிந்ததைக் கண்டு நிம்மதியடைந்தவர்கள், அதன் பிறகும் ஓசையே இல்லாததால், நீ போ, நான் போ என்று தயங்கிக்கொண்டிருந்தார்கள். இரவு பத்து மணிக்கு மேல், வந்திருந்த தபாலைக் கொடுக்கும் சாக்கில் ஒருவர் எட்டிப் பார்த்தபோது, உலகின் பாதியை நடுங்கவைத்த மனிதர் பேச்சிழந்து, நனைந்த உடையுடன் தரையில் கிடந்தார். செய்தி கேட்டு வந்த பெரிய தலைகளும் உடனே மருத்துவரை அழைக்கவில்லை. மறுநாள் காலையில்தான் மருத்துவர்கள் வந்தார்கள். மார்ச் 5-ஆம் தேதி இரவு அவர் உயிர் பிரிந்தது.

அத்தனை மணி நேரமும் அந்தக் காவலர்கள் கதவுக்கு வெளியே மரியாதையாகத்தான் நின்றிருந்தார்கள். ஸ்டாலினுக்கு நெடுநாள் வைத்தியம் பார்த்துவந்த வினோகிராதவ் என்பவரோ, தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மருத்துவர்களில் ஒருவராக, அவருடைய உத்தரவின்படியே சிறையில் இருந்தார்.