கேள்வி பதில்: ஓடுகிற நிரல்வரிகளை ஏன் நீக்க வேண்டும்?

கேள்வி: லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலில் இருந்து, ஏ.அவுட் (a.out) என்ற பழைய நிரல்கோப்பு வடிவத்தை ஏற்றும் பகுதியை எடுத்துவிட்டார்களாமே? ஓடிக்கொண்டிருந்ததை ஏன் தொட வேண்டும்?
– வாசகி ஒருவர், உவர்மலை, திருகோணமலை

பதில்: ஓடியது சரி தங்கச்சி, ஓட்டிப் பார்க்க யார் இருந்தார்கள்? 1990களின் நடுவிலேயே லினக்ஸ் எல்ஃப் (ELF) என்ற புதிய நிரல்கோப்பு வடிவத்துக்கு மாறிவிட்டது. ஏ.அவுட்டை 2022இல்தான் நீக்கினார்கள். என்னைக் கேட்டால் அதுவே தாமதம்.

ஒரு நிரலை ஓட்டச் சொன்னதும் கேர்னல் அந்தக் கோப்பின் முதல் 256 பைட்டைப் படித்து, 'இது உன்னுடையதா?' என்று ஒவ்வொரு ஏற்றியிடமும், அதாவது ஒவ்வொரு கோப்பு வடிவத்தையும் ஏற்றும் பகுதியிடமும், கேட்கும். எல்ஃப் கோப்பென்றால் தொடக்கத்தில் 127, 69, 76, 70 என்ற நான்கு பைட் இருக்கும். ஸ்கிரிப்ட் என்றால் #!. நிலாவெளி வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் முதலில் திறந்து காட்டுவது இந்த நான்கு பைட்டைத்தான்.

அப்புறம்தான் ஆபத்தான கட்டம். பழைய நிரலின் நினைவகத்தைக் கழற்றிய பிறகு திரும்பிப் போக வழியில்லை. அங்கே பிழை வந்தால் கேர்னல் அந்தச் செயல்முறையையே (ஓடிக்கொண்டிருப்பதையே) கொன்றுவிடும். ரூட் அதிகாரம், அதாவது கணினியின் முழு அதிகாரம், கைமாறுவதும் இங்கேதான். இப்படிப்பட்ட இடத்தில் யாரும் பரிசோதிக்காத நிரல்வரி ஒன்றுகூட இருக்கக்கூடாது.

நான் சொல்வது புரிய வேண்டுமானால், 2020இல் கேர்னல் நிரலாளர் எரிக் பீடர்மன் இதே பகுதியில் செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள்.