எலும்பும் கூடிவிட்டது, எடையும் கூடிவிட்டது!

கேள்வி: என் வயது 47. தாராபுரம் அருகே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். உயரம் 156 செ.மீ. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தபோது எடை 82 கிலோ. தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடந்தேன். மாலை நேர பஜ்ஜி, போண்டாவையும் டீயில் சர்க்கரையையும் விட்டேன். ஓர் ஆண்டில் 71 கிலோவுக்கு வந்தேன். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) அளவும் 7.4-இலிருந்து 6.4 ஆனது. கடந்த மார்ச் மாதம் வாசல் தெளித்த ஈரத்தில் வழுக்கி விழுந்ததில் வலது கணுக்கால் எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிறகு நான்கு முறை பிசியோதெரபிக்குப் போனேன். பள்ளி திறந்ததும் நிறுத்திவிட்டேன். நான்கு மாதம் ஆகிவிட்டது. இப்போது எடை 78 கிலோ, எச்பிஏ1சி 7.1. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, நடக்கலாம் என்று எலும்பு மருத்துவர் சொன்னார். அன்றே பழையபடி ஒரு மணி நேரம் நடந்தேன். கணுக்கால் வீங்கி மூன்று நாள் படாதபாடு பட்டேன். கடந்த இரண்டு வாரமாக இரவில் கொள்ளுக் கஞ்சி மட்டும் குடிக்கிறேன். ஓராண்டு உழைப்பும் வீணாகிவிட்டதே என்று அழுகையாக வருகிறது. ஜிம்மில் சேரலாமா? எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவது எங்கள் வீட்டு வழக்கம். இம்முறை முடியுமா டாக்டர்? (சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 மி.கி. இரு வேளை சாப்பிடுகிறேன். மாதவிடாய் நின்று ஒன்றரை ஆண்டு ஆகிறது.)

பதில்: முதலில் இரவுச் சாப்பாட்டை மீண்டும் தொடங்குங்கள். ஊசியையும் ஜிம்மையும் பிறகு பேசுவோம்.

கொள்ளு நல்ல தானியம்தான். ஆனால் ஒரு கிண்ணம் கஞ்சிக்கு நீங்கள் போடும் கொள்ளு 25 கிராம் இருந்தால் அதிகம். அதில் கிடைக்கும் புரதம் 5 அல்லது 6 கிராம். உங்கள் உடலுக்கு இப்போது ஒரு நாளைக்கு 70 முதல் 75 கிராம் புரதம் தேவை. ஆறு வாரம் அசையாமல் இருந்த காலில் என்ன நடந்திருக்கும் என்பதைப் பார்க்க ஸ்கேன் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கெண்டைக்கால்களையும் ஒரு நூலால் சுற்றி அளந்து பாருங்கள். வலது கால் மெலிந்திருக்கும். கட்டுப் போட்ட இரண்டு வாரத்திலேயே தசை கரையத் தொடங்கிவிடுகிறது. அதைத் திரும்பக் கட்ட வேண்டிய நேரத்தில் பட்டினி கிடந்தால் உடல் கொழுப்போடு தசையையும் சேர்த்தே எரிக்கும். தராசு முள் இறங்கும், நீங்களும் மகிழ்வீர்கள். கால் மட்டும் தேறாது.

அதனால்தான் 78 என்ற எண்ணை நான் அவ்வளவாக நம்பவில்லை. நான்கு மாதத்தில் தசை குறைந்து கொழுப்பு கூடியிருக்கிறது. இனிப் பயிற்சி தொடங்கினால் இதன் எதிர்த்திசை மாற்றம் நடக்கும். முதல் மாதம் எடை அசையாமல் நின்றாலும் இடுப்புச் சுற்றளவு குறையலாம். மாதம் இருமுறை தொப்புள் மட்டத்தில் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லைக்கோடு. அதற்கு எவ்வளவு மேலே இருக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் சர்க்கரைக்கு முக்கியம்.

உழைப்பு வீணாகவில்லை. 82-க்கு நீங்கள் திரும்பிப் போகவில்லை. 4 கிலோ இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் ஏறிய 7 கிலோ எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. 7 கிலோவுக்கு 54,000. அதை 120 நாட்களுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 450 கலோரி உபரி. உங்கள் எடையில் ஒரு மணி நேர நடை, சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவழிப்பது 200 கலோரிக்குள்தான். கட்டுப் போட்டிருந்தபோது வீட்டு வேலையும் பள்ளியும் இல்லை. அதற்கும் ஒரு பங்கு உண்டு. மீதி சமையலறையிலிருந்து வந்தது. எலும்பு முறிந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. காலையும் மாலையும் பாலில் சத்துமாவு பானம், அத்தை கையால் ஆட்டுக்கால் சூப், பொழுது போகாமல் கொறித்த முறுக்கு... நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கிறேன்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது எலும்பை ஒட்டவைக்கும் என்ற நம்பிக்கையை எந்த வீட்டிலும் என்னால் அசைக்க முடிந்ததில்லை. கொதிக்கவைத்த எலும்பிலிருந்து நீரில் இறங்கும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு; மேலே மிதப்பது கொழுப்பு. ஒரு தம்ளர் பாலில் அதைவிடப் பல மடங்கு கால்சியம் இருக்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல். பிரண்டைத் துவையல் தாராளமாகச் சாப்பிடுங்கள், எண்ணெயை மட்டும் குறைத்து. அத்தையின் மனம் நோகாமல் சூப்பை நிறுத்த வேண்டுமானால், அதே கறியைக் கொழுப்பு நீக்கிக் குழம்பாகக் கேளுங்கள். புரதமாவது கிடைக்கும்.

மேலே போட்ட கலோரிக் கணக்கில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நடக்க முடியாவிட்டாலும் எடை குறையத் தொடங்கலாம். முதல் முறை குறைந்த 11 கிலோவிலும் பெரும்பங்கு பஜ்ஜியையும் சர்க்கரையையும் விட்டதால் குறைந்தது என்றே நினைக்கிறேன். நடைக்கு நீங்கள் கொடுத்த பெருமை கொஞ்சம் அதிகம். சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை எல்லாவற்றுக்கும் நடை அவசியம். எடையைக் குறைக்கும் பெரும் பொறுப்பைச் சாப்பாட்டுத் தட்டிடம் விட்டுவிடுங்கள். காலையில் இரண்டு இட்லி, இரண்டு முட்டை, பருப்பு நிறைந்த சாம்பார். மதியம் ஒரு கிண்ணம் சோறு, அதே அளவு கெட்டிப் பருப்பு அல்லது மீன், இரண்டு கரண்டி காய், தயிர். பள்ளி விட்டு வரும்போதுதான் கை வடைக்குப் போகும். அதற்கு முன்பே ஒரு கிண்ணம் சுண்டல் தயாராக இருக்கட்டும். இரவு 8 மணிக்குள் இரண்டு அடை அல்லது பாசிப்பயறு தோசை, கூடவே கொஞ்சம் பன்னீர் அல்லது கோழிக்கறி. கொள்ளை விட மனமில்லையென்றால் கெட்டியாகக் கடைந்து மதியம் சேர்த்துக்கொள்ளுங்கள். புரதத்தைக் கூட்டுவதற்கு முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரண்டு அளவுகள், அதாவது சிறுநீரில் ஆல்புமினும் இரத்தத்தில் கிரியாட்டினினும் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்; சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் எப்படியும் செய்ய வேண்டிய பரிசோதனைகள்தாம் அவை. எடை வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் குறைய வேண்டாம். குறைந்தால் கூடுதலாகச் சாப்பிடுங்கள்.

இனி கால். எலும்பு மருத்துவர் "நடக்கலாம்" என்றது எலும்பைப் பற்றி. தசைநார்களும் மூட்டும் சமநிலை உணர்வும் அந்த அனுமதிக் கடிதத்தைப் படிக்கவில்லை. நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினீர்கள். வீக்கம் அதனால் வந்தது. எலும்பு மறுபடி உடைந்துவிட்டதோ என்ற பயம் வேண்டாம்.

பாதியில் விட்ட பிசியோதெரபியை மீண்டும் தொடங்குங்கள். வாரம் ஒருமுறை போனாலும் போதும், மீதியை வீட்டில் செய்யலாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகால்களையும் உயர்த்தி மெதுவாக இறக்குவது 10 முறை. கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது 10 முறை. பிறகு வலது காலில் மட்டும் நிற்பது. முதலில் 5 விநாடி தாங்கினாலே பெரிது, 30 விநாடி இலக்கு. சுவருக்கு எதிரே நின்று, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலைச் சுவரில் தொடப் பாருங்கள். வலது காலில் அது எட்டாது. கணுக்கால் மடங்குவது குறைந்திருக்கிறது என்று பொருள். இதைச் சரிசெய்யாமல் நடையைக் கூட்டினால் முழங்காலும் இடுப்பும் அந்தச் சுமையை வாங்கிக்கொண்டு வலிக்கத் தொடங்கும்.

நடை, சமதரையில் காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம். ரப்பர் செருப்பு வேண்டாம், கயிறு கட்டும் ஷூ. கூட்டலாமா வேண்டாமா என்பதை மறுநாள் காலையில் கணுக்காலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மாலையில் லேசாக வீங்கி, இரவு காலை உயர்த்திப் படுத்தபின் காலையில் வடிந்திருந்தால் அது இயல்பு. இந்த வீக்கம் இன்னும் சில மாதங்கள் வந்து போகும். அப்படியானால் மூன்று நாளுக்கு ஒருமுறை 2 நிமிடம் கூட்டலாம். எழுந்ததும் வலியோ வீக்கமோ அப்படியே இருந்தால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள். டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். வலியை மறைத்துவிட்டால் காலின் பேச்சு உங்களுக்குக் கேட்காது; சிறுநீரகத்துக்கும் அது நல்லதில்லை.

ஊரெல்லாம் மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடக்கிறார்கள். நீங்கள் இப்போது போட வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் கணுக்கால் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே இருக்கும். ஒற்றைக் காலில் 30 விநாடி தடுமாறாமல் நிற்க முடிந்த பிறகு பார்க்கலாம்.

ஜிம்மில் தாராளமாகச் சேரலாம், ஓடுவதற்காக அல்ல. நிலை சைக்கிளும் உட்கார்ந்தபடி கைக்கும் தோளுக்கும் செய்யும் எடைப் பயிற்சியும் உங்களுக்குப் பொருந்தும். ஸும்பா, ஸ்கிப்பிங் இரண்டுக்கும் இப்போதைக்குத் தடை. பணம் கட்டுவதற்கு முன் எலும்பு முறிந்த கதையைப் பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

ஊசி விஷயம். செமாக்ளூடைட், டிர்செபடைட் ஆகியவை பயனுள்ள மருந்துகளே. உங்கள் உடல் எடைக் குறியீடு 32, சர்க்கரையும் இருக்கிறது. கேட்பதில் தவறே இல்லை. ஆனால் இவற்றால் குறையும் எடையில் ஒரு பகுதி தசை. பசியே எடுக்காதபோது 70 கிராம் புரதம் சாப்பிடுவதும் கடினம். மூன்று மாதம் உணவையும் கால் பயிற்சியையும் ஒழுங்காகச் செய்து, மறுபடி எச்பிஏ1சி பாருங்கள். 7-க்குக் கீழே வராவிட்டால் உங்கள் சர்க்கரை மருத்துவரே இதை எடுத்துப் பேசுவார். தெரிந்தவர் போட்டுக்கொண்டார் என்று மருந்துக் கடையில் வாங்கிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்திருக்கிறது, மாதவிடாயும் நின்றுவிட்டது. கணுக்கால் முறிவு எலும்பு மெலிவின் வழக்கமான அடையாளம் இல்லைதான். இருந்தாலும் வைட்டமின் டி அளவும் டெக்ஸா என்ற எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் ஒருமுறை செய்துகொள்வது நல்லது. வைட்டமின் டி குறைவாக இருந்தால் வாரம் ஒன்று எனத் தரும் 60,000 யூனிட் மாத்திரையை மருத்துவர் சொன்ன வாரங்களோடு நிறுத்த வேண்டும். ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவர்களைப் பார்க்கிறேன்.

கெண்டைக்கால் திடீரென வீங்கிச் சூடாக வலித்தால், குறிப்பாக மூச்சுத் திணறலும் சேர்ந்தால், இரத்த உறைவாக இருக்கலாம். உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பாதம் எரிச்சலோடு நிறம் மாறிப் பளபளத்தாலும், முறிந்த இடத்தில் இரவு வலி நாளுக்கு நாள் கூடினாலும் அந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

பழனி. உங்கள் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் இருக்கும். தைப்பூசத்துக்கு ஆறு மாதம் இருப்பதால் முடியாது என்று இப்போதே சொல்ல மாட்டேன். கார்த்திகை முடிவதற்குள், ஷூ போட்டுக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு நாள் 10 கிலோமீட்டர் நடந்து, மூன்றாம் நாள் காலையில் கணுக்கால் வீங்காமல் இருந்தால் கிளம்பலாம். அப்போதும் ஒரே மூச்சில் வேண்டாம், இரண்டு நாளாகப் பிரியுங்கள். பாதத்தில் கொப்புளம் வந்தால் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆறுவது சிரமம் என்பதால் வெறுங்காலோடு நடப்பதற்கு என் சம்மதம் இல்லை. மலைக்கு விஞ்சில் ஏறிக்கொள்ளுங்கள். இறங்கும்போதும் விஞ்சிலேயே வாருங்கள். படியில் இறங்குவதுதான் கணுக்காலுக்கு அதிகச் சோதனை.