நீல இன்ஹேலரை மட்டும் நம்பலாமா? ஆஸ்துமா கேள்வி-பதில்

மூன்று மாதமாக இரைப்பே இல்லை. தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிட்டேன். எப்போதாவது தேவைப்பட்டால் நீலத்தில் இரண்டு பஃப். சரிதானே?

சரியில்லை. இதே கேள்வி இந்த முறையும் நாலைந்து கடிதங்களில் வந்திருக்கிறது.

மூச்சுக்குழாயின் உட்புறம் அழன்று வீங்கிக் கிடப்பதுதான் நோய். இரைப்பு அதன் வெளி அடையாளம். நீல இன்ஹேலரில் உள்ள சால்புட்டமால், குழாயைச் சுற்றியுள்ள தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும், நாலு மணி நேரம்போல நிற்கும். வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு உள்ள தடுப்பு இன்ஹேலர். உங்களுக்கு மூன்று மாதம் இரைப்பு வராமல் இருந்ததே அதனால்தான். நிறுத்திய மறுநாளே எதுவும் தெரியாது, அதனால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சில வாரம் கழித்து ஒரு சளி பிடிக்கும், அன்று இரவு தெரியும்.

ஒரு நீல இன்ஹேலரில் சுமார் 200 பஃப். ஆண்டுக்கு மூன்று தீர்ந்தாலே கடும் இழுப்பு வரும் அபாயம் கூடுகிறது. மாதம் ஒன்று தீர்கிறது என்றால் உயிருக்கே ஆபத்து. ஜினா என்ற உலக வழிகாட்டுதல், 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நீலத்தை மட்டும் கொடுக்கும் சிகிச்சையை 2019-லேயே கைவிட்டுவிட்டது.

‘ஸ்டீராய்டு ஆயிற்றே’ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. தடுப்பு இன்ஹேலரில் ஒரு நாளைக்குப் போவது பெரும்பாலும் 200 முதல் 400 மைக்ரோகிராம். இழுப்பு முற்றினால் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரை நாளுக்கு 40 மில்லிகிராம்வரை, அதாவது எடையில் நூறு மடங்குக்குக் குறையாது. மருந்து வகை வேறுதான். ஆனாலும் உடம்பு முழுக்கப் பரவுவது எது என்று நீங்களே பாருங்கள்.

மூன்று மாதம் நன்றாக இருந்தால் அளவைக் குறைக்கலாம். மருத்துவர் கால் பங்கோ பாதியோ குறைத்துப் பார்ப்பார். ஒரேயடியாக நிறுத்துவது வேறு விஷயம். லேசான ஆஸ்துமாவுக்கு, புடசோனைடு என்ற ஸ்டீராய்டும், மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரைத் தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் முறையும் உண்டு. அதிலும் ஸ்டீராய்டு இருக்கிறது, கவனியுங்கள்.

இன்ஹேலர் எனக்கு வேலையே செய்வதில்லை. என்ன செய்யலாம்?

எந்த இன்ஹேலர், எத்தனை பஃப், ஸ்பேசர் (பம்ப்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் பிளாஸ்டிக் குழல்) உண்டா, எதையும் எழுதவில்லை. பிறகு நான் எதை வைத்துச் சொல்வது? பொதுவாக, தப்பு மருந்தில் இருப்பதைவிட இழுப்பதில்தான் அதிகம் இருக்கும்.

அழுத்தும் பம்ப் என்றால்: குலுக்குங்கள், மூச்சை முழுதாக வெளியே விடுங்கள், மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். நாலைந்து விநாடி இழுத்து, பத்து விநாடி அடக்குங்கள். அடுத்த பஃப்புக்கு முன் அரை நிமிடமாவது விடுங்கள். பவுடர் வகை என்றால் நேர் எதிர்: ஆரம்பத்திலிருந்தே வேகமாக, பலமாக இழுக்க வேண்டும், கருவிக்குள் மூச்சு விட்டால் பவுடர் ஈரமாகிவிடும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் குழப்பிக்கொள்வது சகஜம். இன்ஹேலரைக் கையோடு எடுத்துப்போய் மருத்துவர் எதிரில் இழுத்துக் காட்டுங்கள்.

தீர்ந்துவிட்டதா என்று பார்க்க டப்பாவைத் தண்ணீரில் மிதக்கவிடலாமா?

கூடாது. அது மருந்தின் அளவைச் சொல்லாது, வால்வையும் கெடுக்கும். எண் காட்டும் கருவி இல்லையென்றால் தொடங்கிய தேதியை மேலே எழுதி வைத்துக் கணக்குப் போடுங்கள். மருந்து தீர்ந்த பிறகும் வெறும் வாயு கொஞ்ச நாள் வரும்.

ஸ்பேசரைத் துணியால் துடைத்துத்தான் வைக்கிறேன். போதுமா?

துடைக்கவே கூடாது. தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, தானாகக் காயவிடுங்கள்.

குழந்தைக்கு நெபுலைசர்தானே பலமானது?

இல்லை. நெபுலைசர் என்பது திரவ மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் கருவி. மிதமான இழுப்புக்கு ஸ்பேசர் வழியாகப் போகும் பம்ப் அதே அளவு வேலை செய்கிறது, நேரமும் மிச்சம். சின்னக் குழந்தை என்றால் மாஸ்க் முகத்தோடு நன்றாகப் படிய வேண்டும். கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் மருந்து வெளியே போய்விடும்.

பீக் ஃப்ளோ 300 வருகிறது. நல்லதா, கெட்டதா?

பீக் ஃப்ளோ என்பது பலமாக ஊதும்போது காற்று எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதன் அளவு. உங்கள் வயது, உயரம் தெரியாமல் அந்த 300-க்கு அர்த்தமில்லை. நீங்கள் நன்றாக இருக்கும் நாள்களில் காலை, மாலை மும்மூன்று முறை ஊதி, பெரியதைக் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் உச்ச அளவு தெரிந்துவிடும். அதில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. 50-க்குக் கீழே போனால் உடனே நீலத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். இடையில் இருந்தால் மருத்துவர் எழுதித் தந்த திட்டப்படி நடங்கள். திட்டமே இல்லை என்றால் முதலில் அதை வாங்குங்கள்.

தொண்டை கட்டிக்கொண்டு, நாக்கில் வெள்ளை படிகிறது.

தடுப்பு இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். பம்ப் என்றால் ஸ்பேசரும் வையுங்கள். வெள்ளைக்கு மருந்து உண்டு, காட்டுங்கள். இதைச் சாக்கிட்டு இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து விட்ட பிறகு இரைப்பு கூடியதுபோல இருக்கிறது. பிரமையா?

பிரமையாக இருக்காது. டிமோலால் சொட்டாக இருந்தால் அது மூச்சுக்குழாயைச் சுருக்கும். கண் மருத்துவரிடம் ஆஸ்துமா இருப்பதை இன்றே சொல்லி வேறு மருந்து கேளுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் சிலருக்கு இப்படிச் செய்யும்.

கர்ப்பமாக இருக்கிறேன். இன்ஹேலரை விட்டுவிடவா?

விடாதீர்கள். தாய்க்கு மூச்சு முட்டினால் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும். ஆபத்து அதில்தான்.

அப்பாவுக்கு இழுப்பு வந்தபோது, கொஞ்ச நேரத்தில் ‘வீ வீ’ சத்தம் நின்றுவிட்டது. ஆனால் பேச முடியவில்லை. அது குணமா?

இல்லை, மிக மோசமான அறிகுறி. சத்தம் வரக்கூடக் காற்று போகவில்லை என்று பொருள். இப்படி ஆனால் முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நிமிர்ந்து உட்காரவையுங்கள், படுக்கவைக்காதீர்கள். ஸ்பேசரில் ஒவ்வொரு பஃப்பாக நான்கு நீல பஃப், ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு. நாலு நிமிடம் பார்த்து, தேறாவிட்டால் மீண்டும் நான்கு. ஆம்புலன்ஸ் வரும்வரை இப்படியே தொடருங்கள். உதடு நீலம் பாய்வது, மயக்கம், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமை, இவற்றில் எது இருந்தாலும் இதே விதிதான்.

இன்ஹேலரைக் காரிலேயே வைத்திருக்கலாமா?

வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் சூட்டுக்கு அழுத்தம் ஏறி டப்பா வெடிக்கலாம், மருந்தும் கெடும். சட்டைப் பையில் வையுங்கள்.