வேலை இல்லாத நாளுக்கு யார் பொறுப்பு?

வணக்கம் தம்பி. உங்கள் கேள்விக்குள் நாலைந்து கேள்விகள் இருக்கின்றன. வேலை விசாவில் வந்து சில மாதம்தான் ஆகிறது. சம்பளம் தருவது ஒரு ஏஜென்சி, வேலை பார்ப்பது வேறொரு கம்பெனியில். கூட இருப்பவர்களில் பலர் ஃப்ரீலான்ஸ். சிலரை நீங்கள் நேரில் பார்த்ததே இல்லை, வேறு நாட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். "நிரந்தர வேலை என்று இப்போது ஒன்றும் கிடையாது" என்று எல்லோரும் சொல்கிறார்களாம். நீங்களும் கான்ட்ராக்டுக்கு மாறலாமா, ஊருக்குப் போய் இரண்டு மூன்று மாதம் அங்கிருந்தே வேலை பார்க்கலாமா, சனி ஞாயிறு டெலிவரி ஓட்டலாமா, அப்புறம் வாரத்துக்கு நாலு நாள் வேலை என்பதெல்லாம் நிஜம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த நாடு என்பதை மட்டும் எழுதவில்லை. நான் இருப்பது ஜெர்மனியில். மற்ற நாடுகளில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விதிகளையும் சேர்த்தே சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நிரந்தர வேலை ஒழிந்துவிட்டது என்பது உண்மை இல்லை. ஐரோப்பாவில் இன்றைக்கும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் முடிவுத் தேதி இல்லாத ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். புதிதாக வருகிறவருக்குத் திறக்கும் கதவுதான் மாறிவிட்டது: ஏஜென்சி, ஆறு மாத ஒப்பந்தம், ப்ராஜெக்ட், செயலி. பெயர் எதுவாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். வேலை இல்லாத நாளில் உங்களுக்குச் சம்பளம் உண்டா? ஆர்டர் குறைந்தாலும், ப்ராஜெக்ட் முடிந்தாலும், காய்ச்சலில் படுத்தாலும் அந்த நஷ்டம் யாருடையது? முன்பு அது பெரும்பாலும் முதலாளியின் தலைவலி. இப்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்கிறவர் பக்கம் தள்ளியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர் எப்படியாவது சமாளிப்பார். நமக்கு விசாவும் அதே வேலையில் தொங்குவதால் அடி இரண்டு பக்கமும் விழும்.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உங்கள் ஏஜென்சி ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஜெர்மனியில் ஏஜென்சி உங்களை எங்கும் அனுப்ப முடியாத நாட்களிலும் சம்பளம் தர வேண்டும், சட்டமே அப்படி. அமெரிக்காவில் எச்1பி விசாவில் இருப்பவரை ப்ராஜெக்ட் இல்லை என்று பெஞ்சில் உட்கார வைத்தாலும் சம்பளத்தை நிறுத்தக் கூடாது. தெரியாதவர்கள் சம்பளம் இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள், கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில். பிரிட்டனில் நேர் எதிர்: அங்கே ஏறத்தாழ பத்து லட்சம் பேர் குறைந்தபட்ச மணிநேரமே உறுதி இல்லாத, "ஜீரோ ஹவர்ஸ்" என்று சொல்கிற ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். இந்த வாரம் நாற்பது மணி நேரம், அடுத்த வாரம் எட்டு. பகலில் படித்துக்கொண்டு மாலையில் வேலை செய்யும் மாணவருக்கு அது வசதிதான். ஆனால் முதலாளியே ஸ்பான்சராக இருக்கும் விசாவில் முதியோரையும் நோயாளிகளையும் கவனிக்கும் பராமரிப்புப் பணிக்கு வந்த பலருக்கு, சொன்ன மணிநேரமும் கிடைக்காமல் வேறு இடத்துக்கும் போக முடியாமல் ஆனது. அந்த விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே 2025 ஜூலையில் பிரிட்டன் நிறுத்திவிட்டது.

வேலை போனால் எத்தனை நாள் கையில் இருக்கும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். அமெரிக்காவில் எச்1பி காரர்களுக்கு அதிகபட்சம் 60 நாள். பிரிட்டனில் வேலை போனதை ஸ்பான்சர் அரசுக்குச் சொன்ன பிறகு அரசு கடிதம் அனுப்பும், வழக்கமாக அதிலும் 60 நாள்தான். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி ரத்தானால் 30 நாள். இந்த எண்ணை முதலில் தெரிந்துகொண்டு, அந்தக் காலத்துக்கும் டிக்கெட்டுக்கும் ஆகிற பணத்தைச் சேர்த்த பிறகுதான் மற்ற கடனை அடைக்கத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. வட்டி கணக்குப் போட்டுக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு விசாக் கவலை கிடையாது.

சரி, கான்ட்ராக்டுக்கு மாறலாமா? பெரும்பாலான வேலை விசாக்கள் குறிப்பிட்ட முதலாளிக்குக் கட்டுப்பட்டவை. நீங்களே பில் போடும் ஃப்ரீலான்ஸராக மாற அவை இடம் தராது. அதனால் நிரந்தரக் குடியிருப்பு கிடைக்கும்வரை இந்தக் கேள்வியே பலருக்கு எழாது. எழுந்தால், மணிக்கு இவ்வளவு என்று சொல்கிற தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். அதற்குள் உங்கள் விடுமுறை, நோய் விடுப்பு, ஓய்வூதியப் பங்கு, இரண்டு ப்ராஜெக்டுக்கு நடுவே சும்மா இருக்கும் மாதம் எல்லாம் அடங்கியிருக்கிறது. இதற்கு என்ன விலை என்று கேட்டால் ஆஸ்திரேலியா ஒரு எண் வைத்திருக்கிறது. அங்கே கேஷுவல், அதாவது தொடர்ந்து வேலை கிடைக்கும் என்ற உறுதி இல்லாத ஊழியருக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் நோய் விடுப்பும் இல்லை. அதற்கு ஈடாகப் பொதுவாக 25 விழுக்காடு கூடுதல் சம்பளம் தர வேண்டும். வேலையே இல்லாத மாதங்களைக் கணக்கில் எடுக்காத நிலையிலேயே 25. ஆக, பத்து விழுக்காடு அதிகம் தருகிறோம் கான்ட்ராக்டுக்கு வாருங்கள் என்று யாராவது அழைத்தால் அது சம்பளக் குறைப்பு.

வேலையிழப்புக் காப்பீட்டையும் பாருங்கள். ஜெர்மனியில் கடைசி 30 மாதத்தில் 12 மாதம் பங்கு கட்டியிருந்தால் உதவித்தொகைக்கு உரிமை வரும். பதினோராவது மாதத்தில் அவசரப்பட்டு ஃப்ரீலான்ஸுக்குத் தாவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அமீரகத்திலும் 2023 ஜனவரியிலிருந்து இந்தக் காப்பீடு கட்டாயம்: பன்னிரண்டு மாதம் கட்டிய பிறகு வேலை போனால் அடிப்படைச் சம்பளத்தில் 60 விழுக்காடு, மூன்று மாதம் வரை. "அடிப்படை" என்ற சொல்லைக் கவனியுங்கள். சம்பளத்தின் பெரும்பகுதியை அலவன்ஸ் என்று எழுதியிருந்தால் கையில் வருவது சுருங்கிவிடும். நீங்களாக ராஜினாமா செய்தால் அதுவும் இல்லை. அதனால்தான் "நீங்களே கடிதம் கொடுத்துவிடுங்கள், அதுதான் கௌரவம்" என்று மேனேஜர் சொன்னால் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம்.

அப்புறம், ஃப்ரீலான்ஸர் என்று பெயர் வைத்துவிட்டு நேரம், உடை, கட்டணம் எல்லாவற்றையும் கம்பெனியே தீர்மானிக்கும் வேலைகள் இருக்கின்றன. இதைத்தான் உலகம் முழுக்க நீதிமன்றங்களில் அலசிக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்களைச் சுயதொழில் செய்பவர்களாகக் கருத முடியாது, குறைந்தபட்ச ஊதியத்துக்கும் சம்பள விடுமுறைக்கும் உரிமையுள்ள பணியாளர்கள் என்று சொன்னது. ஸ்பெயின் அதே ஆண்டில் உணவு டெலிவரி செய்பவர்களை ஊழியர்களாகக் கருதும் சட்டம் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இப்படிப்பட்ட செயலி வேலைகளுக்கென ஒரு நெறிமுறை நிறைவேற்றி, 2026 டிசம்பருக்குள் உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டமாக்க வேண்டும் என்றிருக்கிறது. கலிஃபோர்னியாவில் எதிர்த்திசை: 2020 வாக்கெடுப்பில் செயலி ஓட்டுநர்கள் சுயதொழிலாளர்களாகவே தொடரலாம் என்று முடிவானது, 2024இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதே செயலி, அதே வேலை, எல்லை தாண்டினால் உரிமை வேறு.

இதிலிருந்து டெலிவரிக்கு வருகிறேன். சாலையில் பையோடு போகிற எல்லோரையும் பார்த்து நாமும் ஓட்டலாம் என்று தோன்றும். முதலில் விசா நிபந்தனையைப் படியுங்கள். பிரிட்டனில் மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர் பாடக்காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம், ஆனால் சுயதொழில் கூடாது; டெலிவரி செயலிகள் பெரும்பாலும் சுயதொழில் கணக்குதான். மணிநேரம் சரியாக இருந்தாலும் விசா மீறல் ஆகிவிடும். இதைவிட ஆபத்தானது இன்னொருவருடைய கணக்கை வாரவாடகைக்கு எடுத்து ஓட்டுவது. விபத்து நடந்தால் காப்பீடு உங்கள் பெயரில் இல்லை, பணம் வராவிட்டால் கேட்க வழியில்லை, சோதனையில் சிக்கினால் விசா போகும். "எல்லோரும் செய்கிறார்கள்" என்று சொல்லும் நண்பர்தான் பெரும்பாலும் அந்தக் கணக்குக்கு வாடகை வாங்குகிறவர்.

ஊரிலிருந்து வேலை பார்ப்பது பற்றி. 2020க்குப் பிறகு லேப்டாப் இருந்தால் போதும் என்ற எண்ணம் வந்துவிட்டது. லேப்டாப்புக்கு எல்லை இல்லை, வரிக்கும் காப்பீட்டுக்கும் விசாவுக்கும் உண்டு. எல்லோரும் சொல்கிற அந்த 183 நாள் வரி ஒப்பந்தங்களில் உள்ள நிபந்தனைகளில் ஒன்று மட்டும்தான். சம்பளம் தருவது யார், அங்கே உங்கள் முதலாளிக்குக் கிளை இருக்கிறதா என்பதும் சேர்ந்துதான் முடிவாகும். சமூகக் காப்பீடு தனி ஏற்பாடு. 2023 ஜூலையிலிருந்து பல ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் ஒரு உடன்பாடு வைத்திருக்கின்றன: வேலை நேரத்தில் பாதிக்குக் குறைவாக வசிக்கும் நாட்டின் வீட்டிலிருந்து செய்தால், முதலாளியின் நாட்டுக் காப்பீட்டிலேயே தொடரலாம். அது கையெழுத்திட்ட நாடுகளுக்குள் மட்டும். கடைசியாகக் குடியிருப்பு அனுமதி. ஜெர்மனியில் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அனுமதி காலாவதியாகும், உயர்தகுதி வேலைக்கான ப்ளூ கார்டு அனுமதிக்குப் பன்னிரண்டு மாதம். பிரிட்டனில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கும் பலருக்கு எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது என்ற விதி உண்டு. ஆகவே மூன்று மாதம் முடியாத காரியம் இல்லை, ஆனால் முதலாளியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் போகாதீர்கள். "டீம் லீட் சரி என்றார்" என்பது அனுமதி ஆகாது. உங்கள் விஷயத்தில் ஏஜென்சி, கிளையண்ட் இருவருமே ஒப்புக்கொள்ள வேண்டும். கிளையண்டின் தரவு நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஒரு வரி பெரும்பாலும் எங்காவது இருக்கும்.

வீட்டிலிருந்து வேலை என்ற வாக்குறுதியை நம்பி அலுவலகத்திலிருந்து தொலைவில் வீடு பார்ப்பதும் வேண்டாம். அமேசான் 2025 ஜனவரியிலிருந்து அலுவலக ஊழியர்களை வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. ஒப்பந்தத்தில் எழுதாத சலுகையை ஒரே மின்னஞ்சலில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நாலு நாள் வாரம் நிஜம்தான், ஆனால் அந்தப் பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் உலவுகின்றன. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை சுமார் 2,500 பேரை வைத்துச் செய்த சோதனையில் சம்பளம் குறையாமல் 40 மணி நேரம் 35, 36 ஆனது. பெல்ஜியம் 2022இல் தந்த உரிமையோ முழு வார மணிநேரத்தை நாலே நாளில் செய்துமுடிக்கக் கேட்கும் உரிமை, மணிநேரம் குறையாது. வேலை விளம்பரத்தில் நாலு நாள் என்று பார்த்தால் மொத்த மணிநேரத்தைக் கேளுங்கள்.

இதைவிட உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாகச் சராசரியாக வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. பிரிட்டன் அந்த வரம்பை வைத்திருக்கிறது, ஆனால் ஊழியர் கையெழுத்துப் போட்டு அதிலிருந்து விலகலாம். சேரும் நாளில் நீட்டும் காகிதக் கட்டில் அந்தத் தாளும் இருக்கும். புதிதாக வந்தவர்கள் படிக்காமலே போட்டுவிடுவார்கள். போட்டிருந்தாலும் திரும்பப் பெறலாம், பொதுவாக ஏழு நாள் நோட்டீஸ் போதும், ஒப்பந்தத்தில் சொல்லியிருந்தால் மூன்று மாதம் வரை. வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமையை பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டத்தில் சேர்த்தன. ஆனாலும் இரவு பத்து மணி மெசேஜுக்கு முதலில் பதில் போடுவது பெரும்பாலும் விசாவில் இருப்பவர்தான். அதைச் செய்யாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், உங்கள் நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். செய்த மணிநேரத்தைத் தேதியோடு உங்கள் சொந்த போனில் குறித்து வையுங்கள், கம்பெனி லேப்டாப்பில் வேண்டாம்.

நாட்டின் பெயரையும், ஒப்பந்தத்தில் மணிநேரம், நோட்டீஸ் காலம், வேலை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை பற்றிய பத்திகளையும் எழுதுங்கள். உங்கள் பெயரையும் கம்பெனி பெயரையும் மறைத்துவிடுங்கள். திருப்பிக் கட்டும் தொகையில் விசா செலவு என்று இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். முதலாளியே ஏற்க வேண்டிய விசாக் கட்டணங்களை ஊழியர் தலையில் கட்டக் கூடாது என்று சில நாடுகளில் விதி உண்டு. பிரிட்டனில் வெளிநாட்டு ஊழியரை ஸ்பான்சர் செய்ய முதலாளி அரசுக்குக் கட்டும் இமிகிரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் அப்படிப்பட்டது. அந்தப் பத்தியைப் பார்த்த பிறகு ஏஜென்சியிடம் என்ன கேட்கலாம் என்று சொல்கிறேன்.