ஏத்தன் வாழை காற்றில் சாய்கிறது: என் அனுபவம்

குமரி மாவட்டத்துத் திருவட்டாறில் வாங்கிய தோட்டத்தில் குலை தள்ளிய ஏத்தன்கள் (நேந்திரன் வாழைகள்) மே மாத மத்தியான மழைக்காற்றில் ஒவ்வொன்றாய் விழுவதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அருமனைப் பக்கம். கோடை முடிகிற நேரம் இங்கே எல்லாருக்கும் இதே கதைதான். காலையில் தீயாய் வெயில், மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுக்கும், அப்புறம் இடி. மழையை விட அதற்கு முன்னால் வரும் காற்றுதான் வாழைக்கு எமன்.

விழுந்த வாழை எப்படி விழுந்தது என்று முதலில் பாருங்கள். வேரோடு சாய்ந்திருந்தால் மண் இளகியிருக்கும், அல்லது கிழங்கில் வண்டு இருக்கும். நடுத்தண்டில் ஒடிந்திருந்தால் தண்டைத் துளைக்கும் கூன்வண்டாக இருக்கலாம். பட்டையில் சின்ன ஓட்டையும் பசை போல நீர் வடிவதும் தெரியும். அப்படி இருந்தால் முட்டு மட்டும் போதாது, அந்த வாழையை வெட்டி அப்புறப்படுத்துங்கள். தோட்டத்திலேயே போட்டால் அடுத்ததற்கும் பரவும்.

மற்றவற்றுக்கு, குலை தொங்கும் பக்கம் இரண்டு கம்புகளைக் கவட்டை போலக் கட்டி, கழுத்துக்குக் கீழே முட்டுக் கொடுங்கள். காயில் உரசக் கூடாது. கம்பு கிடைக்காவிட்டால் எதிர்ப்பக்கமாகக் கயிறு இழுத்துப் பக்கத்துத் தென்னையில் கட்டலாம். தூரில் மண் அணையுங்கள், தண்ணீர் தேங்காமல் சால் வெட்டுங்கள். மழை தெரிகிற நாளில் நீங்களும் தண்ணீர் விடாதீர்கள். ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும், அதற்குள் முடித்துவிடுங்கள்.

விழுந்த குலையில் காய் முக்கால் விளைந்திருந்தால் சிப்ஸுக்கு ஆகும், வீசிவிடாதீர்கள்.