அசைவு குறைந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 37 வாரம் முடிந்துவிட்டது, தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து அம்பாசமுத்திரம் பக்கத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். வாரா வாரம் செக்கப்புக்கு வரச் சொல்கிறார்கள். போனால் பிரஷர், எடை, யூரின், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடுகிறார்கள். இதற்காக வெயிலில் ஆட்டோ பிடித்துப் போகத்தான் வேண்டுமா? நேற்றிலிருந்து பிள்ளையின் அசைவு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. ஆச்சி, "கடைசி மாசத்துல பிள்ளைக்கு இடம் பத்தாதுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்கிறாள். வலி வந்தால் எனக்குத் தெரியுமா என்ற பயத்தில் ராத்திரி தூக்கமே இல்லை.
- ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: தங்கச்சி, கடிதம் கண்ணில் பட்ட உடனே உங்களைப் போனில் கூப்பிட்டு, முதலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சாயங்காலம் நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உங்களைப் போலவே தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் மற்றப் பெண்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஆச்சி சொன்னதில் பாதிதான் சரி. கடைசி வாரங்களில் அசைவின் விதம் மாறும், எட்டி உதைத்த பிள்ளை இப்போது நெளியும், உருளும். ஆனால் அசைவே குறையக் கூடாது. சந்தேகமாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகச் சாய்ந்து படுத்து, வயிற்றில் கையை வைத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லை என்றாலோ, பத்து வந்தும் வழக்கத்தைவிடக் குறைவு என்று உங்கள் மனசுக்குப் பட்டாலோ உடனே கிளம்ப வேண்டும். அர்த்த ராத்திரியாக இருந்தாலும் சரி, விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

அந்தப் பத்து நிமிஷ செக்கப்பை லேசாக நினைக்காதீர்கள். பிரஷர் 140/90 ஆனாலும் பல பேருக்கு உடம்பில் ஒன்றும் தெரியாது, நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருப்பார்கள். அதோடு யூரினில் புரதமும் போனால் தாய்க்கு வலிப்பு வரை கொண்டுபோய்விடும், அதனால்தான் வாரா வாரம் பார்க்கிறார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது பிள்ளையின் தலை கீழே திரும்பியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 11க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடக் கூடாது. நடுவில் தலை விண்ணென்று தெறித்தாலோ, கண் மங்கினாலோ, முகம் திடீரென்று வீங்கினாலோ அடுத்த செக்கப் வரை பொறுக்க வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள்.

வலி தெரியுமா என்கிறீர்கள், தெரியும். பொய் வலி கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். நம் பக்கத்தில் சூட்டு வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் போட்டுத் தருவார்களே, தாராளமாகக் குடியுங்கள், ஆனால் கண் கடிகாரத்தின் மேலேயே இருக்கட்டும். நிஜ வலி இடுப்பில் தொடங்கி முன்பக்கம் வரும், வர வர நெருங்கும், கூடும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து ஒரு நிமிஷம் நீடித்து, ஒரு மணி நேரம் இப்படியே போனால் கிளம்ப வேண்டியதுதான். பனிக்குடம் உடைந்தாலோ ரத்தம் பட்டாலோ வலிக்காகக் காத்திருக்கவே வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப நேர்ந்தால் உங்கள் ஊரிலிருந்து வழி தூரம், அந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம் அந்தப் பிரசவத் தேதி. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணிச் சொல்லும் கணக்கு அது, சரியாக அதே நாளில் பிறக்கும் குழந்தை இருபதில் ஒன்றுதான். "இன்னும் ஆகலையா?" என்று வருகிற போனையெல்லாம் அம்மாவே எடுக்கட்டும், நீங்கள் பகலிலாவது கண்ணை மூடுங்கள்.

பையை இன்றைக்கே கட்டி வாசல் பக்கம் வைத்துவிடுங்கள். செக்கப் அட்டை, பிக்மி நம்பர் (கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்தது, பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள்), ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட், இரண்டு நைட்டி. ஆச்சியின் பழைய நூல் சேலை ஒன்றைத் துவைத்து வெயிலில் காயப்போட்டு அதையும் வையுங்கள், பிள்ளையைப் பொதிந்து வாங்க அதைவிட மெத்தென்ற துணி கடையில் கிடைக்காது.