சீனி அளவு சரியாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் தொப்பையைக் குறைக்கச் சொல்கிறார்கள்?

நீங்கள் கேட்டது இது: வயது 38, வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 5.4 மில்லிமோல், தொப்பை மட்டும் போட்டிருக்கிறது. டாக்டரோ இன்சுலின் எதிர்ப்பு தொடங்கியிருக்கும் என்கிறார். அது எப்படி?

டாக்டர் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். இங்கே பினாங்கில் என் தம்பிக்கும் கிட்டத்தட்ட இதே நிலை.

சீனி அளவு கடைசியில்தான் ஏறும். சாப்பிட்டபின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையைத் தசையும் கல்லீரலும் உள்ளே எடுத்துக்கொள்ள இன்சுலின் வேண்டும். வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு சேரச் சேர, இன்சுலினின் பேச்சு அங்கே எடுபடுவதில்லை. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. கணையம் இன்னும் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. பல வருஷம் இப்படியே ஓடும். அதுவரை எத்தனை தடவை சோதித்தாலும் சீனி நார்மல் என்றே வரும். கணையம் களைத்துப்போன பிறகுதான் இனிப்புநீர், அதாவது நீரிழிவு, என்று சொல்கிறார்கள். உங்கள் 5.4ஐக் காப்பாற்ற உள்ளே எவ்வளவு இன்சுலின் செலவாகிறது என்பதை அந்த எண் காட்டாது.

தம்பிக்கு அதைக் காட்டியது பிடரிதான். சட்டைக் காலருக்கு மேலே வெல்வெட் துணி போலத் தடித்த கறுப்புப் பட்டை. அழுக்கு என்று நினைத்து அம்மா கடலைமாவு போட்டுத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தால் போகாது. இரத்தத்தில் இன்சுலின் மிகுதியாக ஓடும்போது தோல் அப்படித் தடிக்கும். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் ஒரு தடவை பாருங்கள், பிள்ளைகளுக்கும் பாருங்கள்.

“நான் ஒன்றும் குண்டு இல்லையே” என்று நம்மில் பலர் சொல்வது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. 2004இல் பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கினும் தங்களையே ஒப்பிட்டு வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. நம் உடல்வாகு அப்படி. அதனால்தான் ஆசியர்களுக்கு 23இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. எடை மெஷினைவிட அளவு நாடாவை நம்புங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி அளந்தால் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும். மலேசியாவில் 2019 தேசிய ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் அது ஏறக்குறைய பத்தில் மூவர்.

சரி, சாப்பாடு. என் கணக்கில் முதல் எதிரி கிளாஸில் வருவதுதான். தே தாரிக்கில் ஊற்றும் டின் பாலில் ஏறத்தாழ பாதி சர்க்கரை. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள வேண்டும். மிஞ்சுவதைக் கொழுப்பாக மாற்றி அங்கேயே வைத்துக்கொள்ளும். இராத்திரி பத்து மணிக்கு நாசி கண்டார் கடையில் “அண்ணே, பாஞ்சிர்” என்று நாலு குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லி, வறுத்த கோழியோடு சாப்பிட்டு, மேலே பாலில் ரோஸ் சிரப் கலந்த ஒரு சிராப் பண்டுங் குடித்தால் கல்லீரலுக்கு ஏது ஓய்வு? தம்பி அந்தக் கடைக்கு இன்றும் போகிறான். “சோறு பாதி, குழம்பு ஓரத்துல, வெண்டைக்காய் நிறைய” என்று கேட்கிறான். குடிக்க தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத தேநீர். சோற்றை அடியோடு விடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, அது நம் வீடுகளில் நிலைக்காது. பாகற்காய்ச் சாற்றை மட்டும் நம்பி இருப்பதும் வேண்டாம்.

நிறையக் குறைக்க வேண்டியதும் இல்லை. அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு முயன்றவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 90 கிலோ ஆளுக்கு அது ஆறு கிலோ சொச்சம். 2006இல் வெளியான இந்திய ஆய்வு இன்னும் நம்பிக்கை தருகிறது. சென்னை மருத்துவர்கள் நடத்தியது. எடை பெரிதாகக் குறையாமலே, உணவையும் நடையையும் திருத்தியவர்களுக்கு 28.5 சதவீதம் குறைந்தது. தசை சுருங்கும்போது இன்சுலின் தயவில்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அதனால் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் நடந்தாலும் பலன் உண்டு. தம்பி ஞாயிறுகளில் தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவில் நடக்கிறான், மற்ற நாட்களில் பிளாட்டைச் சுற்றி. கழுத்துக் கறுப்பு மெதுவாக வெளுத்து வருகிறது.

அடுத்த முறை கிளினிக்கில் சீனியோடு எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டுவது), டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு, கல்லீரல் சோதனையும் எடுக்கச் சொல்லுங்கள். எச்பிஏ1சி இங்கே மலேசியாவில் 5.7 முதல் 6.2 சதவீதம் வரை வந்தால் எல்லைக்கோடு, 6.3இலிருந்து இனிப்புநீர். அப்புறம், உங்கள் மனைவிக்குப் பிள்ளை வயிற்றிலிருந்தபோது சீனி ஏறியிருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.